மகளின் புது வில்லுக்கு எந்த அம்பு?

வாங்காதீர்கள். கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அந்த 500 ஸ்பைன் கார்பன் அம்புகள் உங்கள் மகளின் வில்லுக்கு ஆகாது. ஏன் ஆகாது, எது ஆகும் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அம்பு வாங்குவதில் முதல் முறை தவறினால் ஒரு டஜனுக்கான பணம் அப்படியே போய்விடும்.

நீங்கள் கொடுத்த விவரங்கள் இவை: மகளுக்கு 13 வயது, வலக்கைக்காரி. அகாடமியில் இதுவரை பொது அம்புகளை எய்துவந்தாள். இப்போது ரிகர்வ் வில்லுக்கு (கப்பி இல்லாமல், முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) 25 இன்ச் ரைசரும் (பிடியுள்ள நடுப்பகுதி) 68-26 என்று எழுதிய லிம்பும் (மேலும் கீழும் மாட்டும் வளையும் கைகள்) வாங்கியிருக்கிறீர்கள். கடைக்காரர் “500 வாங்கிக்கோங்க சார், பாப்பா பெரிய பொண்ணானாலும் ஓடும்” என்கிறார். வீட்டில் உங்களிடம் கப்பி வைத்த 50 பவுண்ட் காம்பவுண்ட் வில் ஒன்று இருக்கிறது. மகளின் அம்பையே அதிலும் எய்துகொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் கண்டிப்பாக ‘கூடாது’. காரணம் பின்னால் வருகிறது.

முதலில் அந்த எண். ஸ்பைன் என்பது அம்பின் விறைப்பு. 28 இன்ச் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் அம்புத் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்ட் எடையை, அதாவது 880 கிராமைத் தொங்கவிடுகிறார்கள். கொடிக்கம்பில் ஈரத்துணி போட்டால் நடுவில் தொய்கிறதல்லவா, அதே கணக்கு. அரை இன்ச் தொய்ந்தால் அம்பு 500. ஒரு இன்ச் தொய்ந்தால் 1000. ஆக எண் பெரிதாகப் பெரிதாக அம்பு நெகிழ்வானது. எண் குறையக் குறைய விறைப்பானது. புதிதாக வருகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 1000 என்றால் பலமானது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அம்பு ஏன் வளைய வேண்டும், நல்ல விறைப்பாக இருந்தால் நேராகத்தானே போகும் என்று தோன்றும். காம்பவுண்டில் அது ஓரளவு சரி. ரிகர்வில் நாணை விரலால் பிடித்து விடுகிறோம். விரலிலிருந்து விடுபடும் நாண் நேராக முன்னால் பாய்வதில்லை. விரல்நுனியைச் சுற்றி வழுக்கி, பக்கவாட்டில் சற்று விலகித்தான் புறப்படும். அம்பின் பின்முனை நாணோடு விலகுகிறது. முன்முனையோ எடையோடு பட்டனில் (ரைசரின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்பிரிங் வைத்த சிறு முளை) சாய்ந்து நிற்கிறது. பின்னாலிருந்து முழு விசையும் அழுத்த, அம்பு வில்போல வளைந்து, மறுபக்கம் வளைந்து, மீண்டும் வளைந்து ஆடிக்கொண்டே ரைசரைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதிவேகப் படம் எடுத்து இதைக் கண்ணால் காணும்படி செய்தார். இன்று கைபேசியின் ஸ்லோமோஷனிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். பார்த்தால் பதறிப்போவீர்கள், அம்பு மீன்போல நெளிந்துகொண்டு போகும்.

சரியான ஸ்பைன் உள்ள அம்பு, அந்த ஆட்டத்தின் சரியான கட்டத்தில் ரைசரைத் தாண்டும். அதன் வால் எதிலும் உரசாது. தாண்டிய பிறகு ஆட்டம் அடங்கி, குறிபார்த்த கோட்டிலேயே போகும். விறைப்பு மிகுந்த அம்பு போதுமான அளவு வளையாது. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் போகும், வால் ரைசரிலோ ரெஸ்ட்டிலோ (அம்பைத் தாங்கும் சிறு தாங்கி) தட்டும், ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். நெகிழ்வு மிகுந்தது வலப்பக்கம் போகும். இடக்கைக்காரருக்கு இரண்டும் மாறி வரும். உங்கள் மகளின் வில்லில் 500 அம்பு முதல் வகையில் சேரும். அவளுக்கு ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் எவ்வளவு நன்றாக எய்தாலும் அம்பு சிதறும். பிள்ளை தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, ஒழுங்காக இருக்கும் ரிலீஸையும் (நாணை விடும் விதத்தையும்) கெடுத்துக்கொள்வாள். எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது, பணம் இரண்டாம்பட்சம்.

சரி, எந்த எண்? அதைச் சொல்வதற்கு முன் இரண்டு அளவுகள் வேண்டும். நீங்கள் இரண்டையும் எழுதவில்லை. அநேகமாகக் கடைக்காரரும் கேட்டிருக்க மாட்டார். மகள் எவ்வளவு தூரம் இழுக்கிறாள் என்பது ஒன்று. அந்த இழுப்பில் விரலில் எவ்வளவு பவுண்ட் நிற்கிறது என்பது இன்னொன்று.

லிம்பில் 68-26 என்று இருப்பதன் பொருள், வில்லின் நீளம் 68 இன்ச், 28 இன்ச் இழுத்தால் 26 பவுண்ட் என்பது. அந்த 28 இன்ச் யாரோ ஒரு பெரியவரின் இழுப்பு. 13 வயதுப் பிள்ளை அவ்வளவு இழுப்பது அபூர்வம். இழுப்பு ஒரு இன்ச் குறைந்தால் ரிகர்வில் ஏறக்குறைய 2 பவுண்ட் குறையும். மகள் 26 இன்ச் இழுக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், அவள் விரலில் நிற்பது 22 பவுண்ட்தான், 26 அல்ல. (அதே லிம்பை 23 இன்ச் ரைசரில் மாட்டினால் 2 பவுண்ட் ஏறும். சில லிம்பில் 66-28, 68-26 என்று இரண்டு வரியாக அச்சிட்டிருப்பது இதற்காகத்தான்.) இந்த 4 பவுண்ட் வித்தியாசம் அம்பு அட்டவணையில் ஒன்றிரண்டு கட்டம் தள்ளிவிடும்.

இழுப்பை அளக்க அகாடமியில் நீளமான அம்பு ஒன்று கேட்டு வாங்குங்கள், 31, 32 இன்ச் இருந்தால் நல்லது. மகள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நாலைந்து அம்பு எய்த பிறகு, வழக்கம்போல இழுத்து, நாணிழுத்த கையைத் தாடையில் நங்கூரம்போல ஊன்றி நிற்கட்டும். கோச் பக்கத்தில் நின்று, பட்டன் துளைக்கு நேராக அம்பில் மார்க்கரால் கோடு போடட்டும். ஒரே தடவையில் முடிக்க வேண்டாம். புதிதாக எய்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அரை இன்ச் கூட்டிக்குறைத்துத்தான் இழுப்பார்கள். பல கோடுகள் விழும். அவற்றில் முன்பக்கம், அதாவது அம்பின் பாயிண்ட் பக்கம் மிகத் தள்ளியிருக்கும் கோட்டை விடுங்கள், மிகப் பின்னால் இருப்பதையும் விடுங்கள், நடுவில் கூட்டமாக விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பின் வாலில் நாணைக் கவ்வும் ‘நாக்’ என்ற துண்டின் பள்ளத்திலிருந்து அந்தக் கோடுவரை அளந்து 1.75 இன்ச் கூட்டினால் வருவதுதான் லிம்பில் எழுதிய கணக்கோடு ஒப்பிடக்கூடிய இழுப்பளவு. கைகளை விரித்து அளந்து 2.5-ஆல் வகுக்கும் முறையும் உண்டு. அது வில் வாங்கும்போது ஒரு தோராயத்துக்கு உதவும். அம்பு வெட்ட உதவாது.

பவுண்டை அளக்கத் தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. விமானப் பயணத்துக்குப் பெட்டியை எடைபோட விற்கும் கொக்கித் தராசு போதும். நாணில் நாக் மாட்டும் இடத்தில் கொக்கியை மாட்டி, அளந்து வைத்த இழுப்புவரை மெல்ல இழுத்து எண்ணைப் படியுங்கள். 10 கிலோ காட்டினால் 22 பவுண்ட். இழுத்த நாணை வெறுமனே விட்டுவிடாதீர்கள், மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். அம்பில்லாமல் நாணை விட்டால் அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்புக்கே திரும்பும். லிம்ப் பிளந்துபோகவும் கூடும்.

இனி நீளம். அம்பின் நீளம் என்பது நாக்கின் பள்ளத்திலிருந்து தண்டு முடியும் இடம்வரை. பாயிண்ட் கணக்கில் சேராது. கடையில் சிலர் பாயிண்டோடு சேர்த்து அளந்து சொல்வார்கள், கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வளரும் பிள்ளைக்கு, முழுதாக இழுத்து நிற்கும்போது தண்டு ரெஸ்ட்டுக்கு முன்னால் குறைந்தது 2 இன்ச் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. ஓராண்டில் தோள் விரிந்து, கை நீண்டு, நிலையும் திருந்தி இழுப்பு ஒரு இன்ச்சுக்கு மேல் கூடுவது சாதாரணம். அம்பு குட்டையாக இருந்தால், என்றோ ஒருநாள் அதிகமாக இழுத்த கணத்தில் பாயிண்ட் ரெஸ்ட்டுக்குப் பின்னால் விழுந்துவிடும். அந்த நிலையில் நாணை விட்டால் அம்பு ரைசரில் முட்டி உடையலாம், அல்லது வில் பிடித்த கைக்குள் இறங்கலாம். ஒலிம்பிக் வீரர்களின் அம்பு கிளிக்கருக்கு (முழு இழுப்பு வந்ததும் ‘கிளிக்’ என்று சத்தமிடும் தகடு) அடியில் முடிவதுபோல வெட்டியிருக்கும். அதைப் பார்த்து வெட்டச் சொல்லாதீர்கள். அவர்களின் இழுப்பு மாறுவது மில்லிமீட்டர் கணக்கில்.

26 இன்ச் இழுப்பு என்று மேலே வைத்த கணக்கின்படி பார்த்தால், நாக்கிலிருந்து பட்டன்வரை 24.25 இன்ச். அதோடு 2 இன்ச் சேர்த்தால் 26.25. வளர்ச்சிக்கு இன்னும் ஒரு இன்ச் விட்டு 27.25, அல்லது நேராக 27.5 என்று வெட்டலாம். 22 பவுண்ட், 27.5 இன்ச்சுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்களின் ரிகர்வ் அட்டவணை 1000-ஐ ஒட்டித்தான் கொண்டுபோய் நிறுத்தும். ஒருவர் 900 என்பார், இன்னொருவர் 1100 என்பார். நான் 1000 என்று தொடங்குவேன். ஒப்பிட்டுப் பார்க்க: 40 பவுண்ட் விரலில் நிற்கும் பெரியவர் 28 இன்ச் அம்பு எய்தால் அவருக்கு 600 பக்கம் வரும். கடைக்காரர் காட்டும் 500 அதையும் விட விறைப்பு.

அட்டவணை பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. காம்பவுண்டுக்குத் தனி அட்டவணை, ரிகர்வுக்குத் தனி அட்டவணை. ஒரே பக்கத்தில் இரண்டு பத்திகளாக அச்சிட்டிருப்பார்கள், கண் தவறிப் பக்கத்துப் பத்தியைப் பார்த்துவிட்டால் எல்லாம் கோணலாகும். அகாடமியில் இந்தியன் ரவுண்ட் என்ற உள்நாட்டுப் போட்டிப் பிரிவுக்கான மூங்கில் வில்லிலும் எய்கிறார்கள் என்றால், அதற்கும் இந்த எண்கள் பொருந்தாது. ரிகர்வ் ரைசரில் அம்பு நாணின் நேர்க்கோட்டில் அமரும்படி நடுவரை குடைந்திருக்கும். மூங்கில் வில்லில் அப்படி ஆழமான குடைவு இல்லாததால், அம்பு பிடியைச் சுற்றி அதிகமாக வளைந்து போக வேண்டும். அதே பவுண்டுக்கு இன்னும் நெகிழ்வான அம்பு கேட்கும்.

அட்டவணை ஒரு தொடக்கம்தான், ஏனென்றால் தண்டில் அச்சிட்ட எண் அசையாமல் கிடக்கும்போது அளந்தது. எய்யும்போது அம்பு எவ்வளவு வளைகிறது என்பதை நீளமும் பாயிண்டின் எடையும் சேர்ந்து மாற்றும். ஒரு தண்டின் தொய்வு அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 28 இன்ச் அம்பில் ஒரு இன்ச் வெட்டினால் 27/28-இன் மும்மடி, அதாவது ஏறக்குறைய 0.9, ஒரே இன்ச்சில் 10 சதவீதம் விறைப்பு கூடிவிடும். பாயிண்டின் எடையைக் கூட்டினால் அம்பு நெகிழ்ந்ததுபோல நடந்துகொள்ளும், குறைத்தால் விறைப்பாகும். இந்த இரண்டும் உங்கள் கையில் இருக்கும் திருகுகள். இதை நினைவில் வைத்தே முதலில் நீளமாக வெட்டச் சொல்கிறேன். வெட்டியதை ஒட்ட முடியாது. நீளமானதைப் பிறகு வெட்டலாம். மகள் 26-லிருந்து 28 பவுண்ட் லிம்புக்கு மாறும்போது அரை இன்ச் வெட்டி, பாயிண்டைக் கொஞ்சம் லேசாக்கினால் இதே அம்புகள் இன்னும் சில மாதம் ஓடும். ஆனால் அதற்குள் இழுப்பும் நீண்டுவிட்டால் வெட்ட இடமிருக்காது, புது அம்புதான். “பெரிய பொண்ணானாலும் ஓடும்” என்று எந்த அம்பையும் வாங்க முடியாது. பள்ளிச் சீருடையைப் பெரிதாகத் தைத்துக் கொடுக்கும் நம் வழக்கம் இங்கே செல்லாது.

பாயிண்டை ஒட்டுவது பற்றி: சூடாக்கினால் இளகும் ஹாட்மெல்ட் பசைதான். சூப்பர்குளூ, எபாக்ஸி எதுவும் வேண்டாம், பிறகு மாற்ற முடியாமல் போகும். கார்பன் தண்டாக இருந்தால் நெருப்பைத் தண்டில் காட்டாதீர்கள், உள்ளே இருக்கும் பிசின் கெட்டுவிடும். பாயிண்டைக் குறடால் பிடித்து அதை மட்டும் சூடாக்கிப் பசை தடவிச் செருகுங்கள். எடை கிரெய்ன் கணக்கில் வரும். 100 கிரெய்ன் என்பது 6.5 கிராம். இந்த வில்லுக்கு 70, 80 கிரெய்னில் தொடங்கலாம். உடைத்துக் குறைக்கும் பாயிண்டுகளும் கிடைக்கின்றன, பின்பகுதியில் வெட்டுக்கோடு போட்டிருக்கும், ஒவ்வொரு துண்டாக உடைத்து 10 கிரெய்ன் குறைக்கலாம். எடையை மாற்றிப் பார்க்க அது வசதி.

பாயிண்ட் கனமாக இருந்தால் அம்பின் சமநிலைப்புள்ளி முன்னே போகும். அம்பைக் கத்திமுனையில் நிறுத்திப் பார்த்து, நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை மொத்த நீளத்தின் சதவீதமாகச் சொல்வார்கள். ரிகர்வ் டார்கெட் அம்புக்கு 11 முதல் 16 சதவீதம்வரை என்பது வழக்கம். உங்கள் மகளுக்கு இப்போது இந்தக் கணக்கு தேவையில்லை. யாராவது அகாடமியில் பேசினால் மிரளாமல் இருக்கத்தான் சொன்னேன்.

எந்தப் பொருள் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. கடையில் நான்கு வகை பார்ப்பீர்கள். ஃபைபர்கிளாஸ் அம்பு கனம், தடிமன். கோடைமுகாமில் பிளாஸ்டிக் வில்லில் எய்யப் போதும், உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். மர அம்பு மரவில்லுக்கு அழகு. அலுமினியம் மலிவு, ஒவ்வொரு அம்பும் மற்றதைப்போலவே இருக்கும், 18 மீட்டரிலிருந்து 30 மீட்டர்வரை எந்தக் குறையும் இல்லை. அதன் மேல் 1616, 1716 என்று எழுதியிருப்பது ஸ்பைன் அல்ல. முதல் இரண்டு இலக்கம் வெளிவிட்டம், ஒரு இன்ச்சை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்று. அடுத்த இரண்டு இலக்கம் குழாய்ச் சுவரின் தடிமன், ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. 1616-இன் ஸ்பைன் 1079, 1716-இன் ஸ்பைன் 880. மகளுக்கு அலுமினியம் வாங்குவதானால் இந்த இரண்டில் ஒன்று, பெரும்பாலும் 1616.

அலுமினியத்தின் தொல்லை, வளையும். தரையில் விழுந்து சறுக்கிய அம்பு, டார்கெட்டிலிருந்து கோணலாகப் பிடுங்கிய அம்பு எல்லாம் லேசாக வளைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அத்தோடு கனமும் அதிகம் என்பதால் 22 பவுண்ட் வில்லில் 50 மீட்டருக்குப் போகும்போது சைட்டை (குறிபார்க்கும் கருவியை) கடைசிவரை இறக்கினாலும் போதாமல் போகலாம். அதனால் தொடக்கவிலைக் கார்பனையே சொல்வேன். தள்ளி எய்ய வேண்டிய நாள் வரும்போது மெல்லிய, லேசான கார்பன் காற்றிலும் குறைவாக விலகும்.

அந்தக் கார்பனிலும் 0.001, 0.003, 0.006 என்று மூன்று தரம் விற்பார்கள். தண்டு நேர்கோட்டிலிருந்து எத்தனை இன்ச் விலகலாம் என்ற அளவு அது. எண் குறையக் குறைய விலை ஏறிக்கொண்டே போகும். 0.006 வாங்குங்கள். ஓராண்டு அனுபவமுள்ள பிள்ளையின் கைக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பெற்றோர் பெரும்பாலும் இங்கேதான் பணத்தைக் கொட்டுகிறார்கள். தவறான ஸ்பைனில் விலையுயர்ந்த 0.001 வாங்குவதைவிட, சரியான ஸ்பைனில் மலிவான 0.006 எத்தனையோ மடங்கு மேல். நேர்த்தியைவிட அம்புகளின் எடை ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். ஒரே டஜன், ஒரே பெட்டி. நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எடை ஒத்துப்போகிறவற்றைப் போட்டிக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒலிம்பிக்கில் பார்க்கும் ஈஸ்டன் எக்ஸ்10 போன்ற நடுவில் தடித்து இரு முனையிலும் மெலியும் அம்புகள் 70 மீட்டருக்கும் பெரிய பவுண்டுக்கும் ஆனவை. இப்போது அதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்காதீர்கள், பிள்ளை பிடித்துக்கொள்வாள்.

எத்தனை அம்பு என்று கேட்டால் ஒரு டஜன். வெளியரங்கப் போட்டியில் ஒரு சுற்றுக்கு 6 அம்பு, மொத்தம் 72 எய்ய வேண்டும். ஆறு கையில், மாற்றுக்கு இரண்டு, இறகு இல்லாமல் இரண்டு, மீதி வீட்டில். இறகு இல்லாதது எதற்கென்று இனிமேல் சொல்வதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமான பகுதி.

அம்பின் வால் இறகு தவறுகளை மறைக்கும். ஸ்பைன் கொஞ்சம் பிசகியிருந்தாலும் இறகு காற்றைப் பிடித்து அம்பை நேராக்கிவிடும். இறகு ஒட்டாத அம்புக்கு அந்தத் தயவு கிடையாது. எப்படிப் புறப்பட்டதோ அப்படியே போய் விழும். அதனால் டஜனில் இரண்டுக்கு இறகு ஒட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள், இறகின் எடைக்கு ஈடாக அந்த இடத்தில் கொஞ்சம் டேப் சுற்றிக்கொள்ளலாம். முதலில் 10 மீட்டரில் எய்து, டார்கெட்டைத் தவறவிடவில்லை என்று உறுதியானபின் 18 மீட்டருக்குப் போங்கள். இறகுள்ள மூன்று அம்பு, இறகில்லாத இரண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே குறி.

மகள் வலக்கைக்காரி. இறகில்லாதவை இறகுள்ளவற்றுக்கு இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு. வலப்பக்கம் விழுந்தால் நெகிழ்வு. மேலே விழுந்தால் நாணில் நாக் மாட்டும் புள்ளி தாழ்ந்திருக்கிறது, கொஞ்சம் உயர்த்த வேண்டும். கீழே விழுந்தால் அது உயர்ந்திருக்கிறது, இறக்க வேண்டும். முதலில் மேல்கீழைச் சரிசெய்துவிட்டு, பிறகு இடவலத்துக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எது எதனால் மாறியது என்று தெரியாமல் குழம்புவீர்கள். டார்கெட்டில் அம்பு குத்தி நிற்கும் சாய்வைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பஞ்சு, நார், பழைய ஓட்டை எல்லாம் அம்பைச் சாய்த்துவிடும். விழுந்த இடம் மட்டும்தான் சாட்சி.

விறைப்பு என்று காட்டினால்: பாயிண்ட் எடையைக் கூட்டுங்கள், லிம்பைப் பிடிக்கும் போல்ட்டில் திருக இடமிருந்தால் பவுண்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பட்டனின் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள். நெகிழ்வு என்று காட்டினால் இவை எல்லாவற்றையும் எதிர்த்திசையில் செய்யுங்கள். கடைசி வழியாகக் கால் இன்ச் கால் இன்ச்சாக வெட்டுங்கள். இரண்டு கூட்டமும் ஒரு சாண் தள்ளி இருந்தால் ஸ்பைனே தவறு, பட்டனைத் திருகிப் பயனில்லை. நாலைந்து விரல் அகலத்துக்குள் இருந்தால் 13 வயதுக்கு அது போதும். ஒட்டிக்கொண்டு விழ வேண்டும் என்று எதிர்பார்த்து ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிள்ளையை நிறுத்தி வைக்காதீர்கள்; களைத்த கை எல்லா முடிவையும் பொய்யாக்கிவிடும். இறகுள்ள அம்புகளே ஒரு தட்டு அகலத்துக்கு மேல் சிதறுகின்றன என்றால் சோதனையை ஒத்திப்போடுங்கள். அந்த நிலையில் இறகில்லாத அம்பு சொல்வது அம்பைப் பற்றி அல்ல, விரலைப் பற்றி.

‘டக்’ சத்தம் தொடர்ந்தால் வால் எங்கேயோ உரசுகிறது. இறகின் ஓரத்தில் லிப்ஸ்டிக் தொட்டுவைத்து எய்தால் ரைசரிலோ ரெஸ்ட்டிலோ சாயம் ஒட்டி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் நாக்கைக் கொஞ்சம் சுழற்றி, தனி நிற இறகு ரைசருக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைத்தால் தீரும். இறகு என்று நான் சொல்வது பிளாஸ்டிக் வேனையும் சேர்த்துத்தான். ரெஸ்ட் உள்ள ரிகர்வுக்கு மெல்லிய பிளாஸ்டிக் போதும். சுருள் வடிவ ஸ்பின் வேன் நன்றாகச் சுழற்றும், ஆனால் சீக்கிரம் கிழியும். அதை ஒட்டவும் மாற்றவும் மகளே கற்றுக்கொண்ட பிறகு வாங்கலாம். ரெஸ்ட் இல்லாமல் வில்லின் மேட்டிலேயே அம்பை வைத்து எய்கிறவர்களுக்குத்தான் பறவை இறகு அவசியம், அது உரசினாலும் மடிந்து கொடுக்கும்.

நாக் சின்னச் சாமான்தான், ஆனால் கவனியுங்கள். அம்பை நாணில் மாட்டி வில்லைக் கிடையாகப் பிடித்துத் தொங்கவிட்டால் அம்பு விழக்கூடாது; நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்று விழ வேண்டும். இறுக்கமாக இருந்தால் நாண் அம்பை விடாமல் இழுத்துக் கெடுக்கும். தளர்வாக இருந்தால் இழுக்கும்போதே கழன்று, வெறும் நாணை விட்டதாகிவிடும். நாணின் நடுவில் சுற்றியிருக்கும் நூலின் தடிமனை மாற்றி இதைச் சரிசெய்யலாம், நாண் கட்டத் தெரிந்த எந்தக் கோச்சும் செய்துகொடுப்பார்.

இப்போது உங்கள் காம்பவுண்ட். 22 பவுண்டுக்கு எடுத்த 1000 ஸ்பைன் அம்பை 50 பவுண்டில் வைத்து எய்தால், பின்னாலிருந்து வரும் விசையைத் தாங்காமல் அது வில்லைவிட்டுப் போகும் முன்பே ஒடியலாம். ஒடிந்த கார்பன் ஊசிகளாகச் சிதறி, வில் பிடித்த முன்கையிலும் உள்ளங்கையிலும் ஏறும். அறுவை செய்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டிய காயம் அது. ‘ஒரு தடவை எய்து பார்ப்போம்’ என்றுகூட நினைக்காதீர்கள். மகளின் அம்பையும் ஒவ்வொரு முறை டார்கெட்டிலிருந்து பிடுங்கியதும் இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, திருகி, காதருகே வைத்துக் கேட்கப் பழக்குங்கள். முறுமுறு என்று சத்தமோ விரல்நகத்தில் மாட்டும் பிளவோ இருந்தால் அந்த அம்பை உடைத்தே போட்டுவிடுங்கள், யாரும் மறுபடி எடுக்காதபடி.

காம்பவுண்டில் நாணை விரலால் விடுவதில்லை, ரிலீஸ் கருவியால் விடுகிறீர்கள். அதனால் பக்கவாட்டு ஆட்டம் மிகக் குறைவு, வளைவது பெரும்பாலும் மேல்கீழாக. கொஞ்சம் விறைப்பான அம்பைக் காம்பவுண்ட் பொறுத்துக்கொள்ளும், நெகிழ்வானதைப் பொறுக்காது. 50 பவுண்டுக்கு 28 இன்ச் நீளத்தில் அட்டவணை காட்டுவது 500 பக்கம். ஆமாம், கடைக்காரர் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அதே 500. உங்கள் இழுப்பையும் அளந்து, அம்பின் நீளம் போதுமென்றால், அந்தத் தள்ளுபடி டஜன் உங்களுக்குப் பொருந்தக்கூடும். ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன் என்பது கீழ்வரம்பு, அதாவது பாயிண்ட், நாக், இறகு எல்லாம் சேர்ந்து ஒரு அம்பு 250 கிரெய்னுக்குக் குறையக்கூடாது. 300-க்கு மேல் இருந்தால் வில்லுக்கும் நல்லது, சத்தமும் குறையும். கூடவே வேட்டைக்கான பிளேடு முனை தருகிறேன் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அதற்கு வேலையில்லை, டார்கெட்டையும் கிழித்துவிடும்.

இரண்டு டஜனும் ஒரே வீட்டில் இருக்கப்போவதால், வேன் நிறம் முழுக்க வேறாக வாங்குங்கள்: அவளுக்கு மஞ்சள் என்றால் உங்களுக்கு நீலம். அம்புத் தண்டில் எய்பவரின் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும் என்பதும், ஒரு சுற்றில் எய்யும் அம்புகளின் இறகும் நாக்கும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதும் உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதி. போட்டிக்குப் போகும் நாளன்று அவசரமாக எழுத வேண்டாம், பெட்டியைப் பிரித்த அன்றே மார்க்கரால் எழுதி, அழியாதபடி மேலே ஒட்டும் டேப் சுற்றிவிடுங்கள்.